ஏறாத மூன்றாவது மாடி

பதினாறு வருடமாக மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைக்கிறேன். ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய், ஓட்டுப் போட்டீர்களா, யாருக்குப் போட்டீர்கள், யார் சொல்லிப் போட்டீர்கள், அரசாங்கத்தின் மேல் முழுத் திருப்தியா, ஓரளவு திருப்தியா, அறவே இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது என் வேலை. கருத்துக் கணிப்பு என்றதும் பலருக்கும் டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து கத்துகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நாங்கள் அந்த ஜாதி இல்லை. நாங்கள் கேட்டு வருவதை வைத்துக்கொண்டு பேராசிரியர்கள் ஆறு மாதம் கழித்து ஒரு கட்டுரை எழுதுவார்கள். அதைப் படிப்பவர்கள் இன்னும் நாலைந்து பேராசிரியர்கள். அதற்குள் எனக்கு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும் நாட்கள் கூடிவிடும்.

பெங்களூரில் யாருக்கும் நம்மிடம் பேச நேரமில்லை. அபார்ட்மென்ட் என்றால் வாசலில் செக்யூரிட்டியே நம்மைப் பேட்டி எடுத்து அனுப்பிவிடுவார். தனி வீடு என்றால் நாய். சின்ன வீடுகளில் கதவு திறக்கும், தண்ணீரும் கிடைக்கும். ஆனால் முதல் கேள்வியைக் கேட்டதும் "என்னைக் கேட்டு என்னா ஆவப்போவுது" என்பார்கள். ஆரம்ப காலத்தில் அதற்கு நீளமாகப் பதில் சொல்வேன். உங்கள் கருத்து முக்கியம், ஜனநாயகம், இத்யாதி. இப்போது சொல்வதில்லை. "ரெண்டே நிமிஷம்மா" என்று பொய் சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடுவேன். முப்பத்தைந்து நிமிடம் ஆகும்.

இந்த வேலையில் ஒரு கறாரான விதி உண்டு. யாரைக் கேட்பது என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களை எடுத்து ஆபீஸில் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆளைத்தான் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். அவர் இல்லை, அவர் தம்பி இருக்கிறார், நன்றாகப் பேசுகிறார் என்றாலும் உதவாது. ஆள் கிடைக்காவிட்டால் வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும். மூன்றாவது முறையும் கிடைக்காவிட்டால்தான் பட்டியலில் பெயருக்கு எதிரே காரணம் எழுதலாம். இறந்துவிட்டார், வீடு மாறிவிட்டார், கதவு பூட்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து. வீடு மாறியவருக்கு எஸ், அதாவது ஷிஃப்டடு.

போன தேர்தலுக்கு நாலைந்து மாதம் முன்னால் ஒரு சுற்று கணிப்பு நடந்தது. எனக்கு ஜோகுபாளையத்தில் ஒரு பூத் கொடுத்திருந்தார்கள். நான் இருப்பது லிங்கராஜபுரம். காலையில் பஸ் பிடித்து, அல்சூரில் இறங்கி, நடந்து போய்விடுவேன். ஜோகுபாளையத்தில் தமிழ் ஆட்கள் அதிகம், கதவு திறந்துவிடும் என்று சந்தோஷமாகத்தான் போனேன். போன பிறகுதான் கதவு நம்பர்களின் லட்சணம் தெரிந்தது. பதினான்குக்குப் பக்கத்தில் அறுபத்திரண்டு. பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று, வீட்டுக்காரர் தானாகவே வைத்துக்கொண்ட நம்பர் ஒன்று. ஒரு வீட்டைத் தேடி அரை நாள் போனது.

அப்போதுதான் அந்த டீச்சரைப் பார்த்தேன். என்னைப் போலவே கையில் வாக்காளர் பட்டியல், தோளில் பை, தலையில் துப்பட்டா. அரசாங்கப் பள்ளி ஆசிரியை. பள்ளி வேலையோடு சேர்த்து அந்த பூத்தின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் பெயரை எடுக்க வேண்டும் என்று எழுத வேண்டும். எனக்காவது மாதிரிக்கு எடுத்த பெயர்கள்தான். அவருக்கு எல்லாப் பெயர்களும். கன்னடக்காரர், ஆனால் அந்தத் தெருக்களில் பழகிப் பழகித் தமிழ் வந்துவிட்டது.

"ஏன்ரீ, சுஸ்தாயிட்டீங்களா? வாங்க, டீ குடிக்கலாம்" என்று அவர்தான் முதலில் பேசினார்.

அந்த ஊரில் சுஸ்து என்றால் அலுப்பு. அந்த வார்த்தை எங்கள் இருவரையும் ஒரே நாளில் சிநேகிதிகளாக்கிவிட்டது. எந்த வீட்டுக்கு எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று அவர் எனக்குக் காட்டுவார். மத்தியானம் ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் டப்பாவைத் திறப்போம். அவர் கொண்டுவரும் சித்ரான்னம் பிரமாதமாக இருக்கும். ஒரு நாள் அவர் என் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஷிஃப்டடு, டெத்து எல்லாம் மார்க் பண்ணி வெச்சிருக்கீங்களே. நான் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாரீ? அந்த வீட்டுக்கெல்லாம் மறுபடி நான் ஏற வேண்டாம்."

எங்கள் பட்டியலை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்று விதி. ஆனால் அவர் வெளியாளாகவே எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் இன்னொரு பெண்பிள்ளை. பட்டியலைப் பெஞ்சில் விரித்து வைத்து, காற்றில் பறக்காமல் ஓரத்தை நானே பிடித்துக்கொண்டேன். அவர் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கங்களில் ஒன்றில் மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பத்து மூன்று வயதுப் பெண், கணவர் பெயருக்குப் பதில் தகப்பனார் பெயர் போட்டிருந்தது. ஒல்லியான கட்டடம், கீழே ஒரு மளிகைக் கடை. வெளிப்புறமாக இரும்புப் படி. ஒவ்வொரு படியும் என் முழங்காலுக்கு வரும் உயரம். முதல் முறை காலை பதினோரு மணிக்கு ஏறினேன், பூட்டியிருந்தது. இரண்டாம் முறை வேறொரு நாள் மூன்று மணிக்கு ஏறினேன், பூட்டியிருந்தது. மூன்றாவது முறை போனபோது படியின் கீழே நின்று மேலே பார்த்தேன். அன்றைக்கு அது ஒன்பதாவது வீடு. கடைக்காரரிடம் கேட்டேன்.

"மாடியில இருந்தவங்களா? அவங்க காலி பண்ணிகினு போயிட்டாங்க மேடம். போன மாசமே."

எந்த மாடி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏற வேண்டியிருக்கும். அதனால்தான் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். எஸ் என்று எழுதி, சுழித்து, அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். டீச்சர் போட்டோ எடுத்தது அதற்கப்புறம்தான்.

தேர்தல் வந்தது, ஓட்டுப்பதிவு முடிந்தது. எண்ணிக்கைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று மறுநாளே அடுத்த சுற்று ஆரம்பமானது. முன்பு பேசின அதே ஆட்களிடம் போய், கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் சுற்று. இரண்டு நாள் போனதும் எங்கள் சூப்பர்வைசர் போன் செய்தார். பதில் வந்த வீடுகள் குறைவு, பேராசிரியர் சத்தம் போடுகிறார், பூட்டின வீடு, மாறின வீடு எல்லாவற்றையும் இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள் என்றார்.

"வீடு மாறினவங்களை எப்படி சார் தட்டறது?" என்றேன்.

"பார்த்துட்டு வந்துடுங்க மேடம். எனக்காக."

அவருக்காகத்தான் ஏறினேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரும்புப் படி கையைச் சுட்டது. மூன்றாவது மாடியில் ஷீட் போட்ட ஒரே அறை. வாசலில் பெயிண்ட் பக்கெட்டில் கற்பூரவல்லி தழைத்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சுவரில் புத்தர் படம் போட்ட காலண்டர்.

பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி, அவர்கள் இருந்த வீடு இதுதானா என்று கேட்டேன்.

"நான்தான் மேடம். வாங்க, மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார் அவர்.

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஏதோ குடித்தனக்காரர்கள் மாறி மாறி வந்திருப்பார்கள், இவர் திரும்பி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எதையாவது நினைத்துக்கொள்ள நமக்குச் சொல்லியா தர வேண்டும். டேப்லெட்டைத் திறந்து வழக்கமான பாட்டைப் பாடினேன். எங்கள் நிறுவனம் எந்தக் கட்சியையும் சேர்ந்தது இல்லை. உங்கள் பெயர் வெளியே வராது. ரெண்டே நிமிஷம்மா.

வயது, படிப்பு, வேலை. ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்டில். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்தாகும். மகளுக்குக் கல்யாணமாகிக் கோலார் பக்கம் இருக்கிறாள். இவர் மட்டும் தனியாக. இந்த வீட்டில் எத்தனை வருடம் என்ற கேள்விக்குப் "பத்தொம்போது" என்றார். என் கை ஒரு கணம் நின்றது. ஆனாலும் பத்தொன்பது என்று அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"இந்தத் தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்களா?"

"இல்ல."

போடாதவர்களுக்கு ஒரு துணைக் கேள்வி உண்டு. ஏன் போடவில்லை? உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை, ஆர்வமில்லை, வேலை இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை, மற்றவை. வாயைத் திறந்து படிக்கப் போனேன். அவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எங்க பூத்துல எப்பவுமே நான்தான் மேடம் மொத ஆளு. எத்தினி எலெக்ஷன் வந்தாலும். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து அப்பிடித்தான். வேலைக்கு லேட்டா போனா திட்டுவாங்க, அதுக்குப் பயந்து மொதல்ல போய் நின்னேன். அப்புறம் லீவு வுட்டாங்க, ஆனாலும் பழக்கம் போவல. இந்த வாட்டியும் ஆறு மணிக்கே போய் இஸ்கூல் கேட்டாண்ட நின்னுகினேன். தொறந்தாங்க. உள்ள போனா, லிஸ்ட்டைப் பார்த்துட்டு, ஒங்க பேருக்கு மேல குறுக்க எழுதி இருக்குதும்மா, நீங்க வூடு மாறிட்டீங்கன்னு போட்டுக்குதுன்றாங்க. நான் எங்க மாறினேன்? கார்டு காட்டினேன். ரேஷன் கார்டு காட்டினேன். பின்னாடி ஜனம் சேர்ந்துபோச்சு. ஓரமா நில்லுங்கம்மான்னாங்க."

"அப்புறம்?"

"நின்னேன். பதினோரு மணி வரைக்கும் ஓரமா நின்னேன். கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் வராங்க, போட்டுட்டுப் போறாங்க. எங்க தெரு ஆளுங்க, என்ன இன்னும் நிக்கிறேன்னு கேக்கறாங்க. யாரும் கூப்புடல. வந்துட்டேன்." அவரைக்காய் நாரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "யாரோ வந்து பார்த்துட்டுதான் எழுதினாங்களாம். யாரும் வர்ல மேடம். எனக்கு அதுதான் புரியல. யாரு சொல்லி இருப்பாங்க?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெஞ்சின் மேல் விரித்த பட்டியலும் ஓரத்தைப் பிடித்திருந்த என் விரல்களும் கண்முன் வந்தன. ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? "பட்டியலில் பெயர் இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த கேள்வியைப் படித்தேன். அதன் அடுத்ததையும் படித்தேன். உங்கள் ஓட்டால் நாட்டில் மாற்றம் வரும் என்று நினைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதையும் கேட்டேன். அவர் "வரும்" என்றார். முப்பத்தைந்து நிமிடமும் அப்படியே ஓட்டினேன். பதினாறு வருடப் பழக்கம் வாயை நடத்திக்கொண்டு போயிற்று, நான் அதன் பின்னால் போனேன்.

கீழே வந்து மளிகைக் கடை நிழலில் நின்று டீச்சருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மூணாவது மாடியா? நான் ஏறலைரீ. உங்க லிஸ்ட்டுல எஸ் போட்டிருந்துச்சு. நீங்க பார்த்திருப்பீங்கன்னு விட்டுட்டேன். பேரை எடுக்கறதுக்கு முன்னால நோட்டீஸ் போஸ்ட்ல போகும், ஆள் இருந்தா வந்து சொல்வாங்கன்னு நெனச்சேன்."

கடைச் சுவரில் தபால் பெட்டி ஒன்று மூடியில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கேபிள் டிவி நோட்டீஸும் ஒரு காலி சிகரெட் அட்டையும்.

"நான் பார்க்கல டீச்சர். நானும் ஏறல" என்றேன்.

"அய்யோ" என்றார் மெதுவாக. பிறகு, புது வாக்காளர் ஃபாரம் நிரப்பி வாங்கி அனுப்புங்கள், நானே கையோடு பதிவு செய்கிறேன் என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. அவரும் நானும் ஒருவரையொருவர் நம்பி ஒரு வீட்டை ஏறாமல் விட்டிருக்கிறோம். ஒருவராவது சோம்பேறி என்றால் கோபப்பட்டு முடித்துவிடலாம். இருவருமே சுஸ்தாகிப்போன ஆட்கள், அவ்வளவுதான். ஆனால் ஓரமாக நின்றது நாங்கள் இல்லை.

பின்னால் அந்தக் கணிப்பின் அறிக்கை வந்தது. ஓட்டுப் போடாதவர்களைப் பற்றி அதில் ஒரு பத்தி. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் சொற்பம் என்பதால் அவர்களை "மற்றவை"யில் சேர்த்திருந்தார்கள். நகரத்து ஏழைகளிடம் தேர்தல் ஆர்வம் குறைந்து வருகிறதா என்று ஆராய வேண்டும் என முடித்திருந்தார் பேராசிரியர். நல்ல மனிதர் அவர், மரியாதையாகப் பேசுவார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த எரிச்சலை அவர் மேல் காட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

டீச்சரிடம் போனில் பேசிய அன்றைக்கு, பக்கத்து ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. ஃபாரத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து படியின் கீழே நின்றேன். போனைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபாரத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், அந்த அம்மா நிரப்பிக் கொடுத்துவிடுவார், நான் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் அந்த யோசனையோடு நின்றேன். பிறகு ஏறினேன்.

அவர் அடுப்பில் குழம்பு வைத்திருந்தார். "எதுனா மறந்துட்டீங்களா மேடம்?" என்றார்.

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு முறை வந்தது, மூன்றாவது முறை ஏறாதது, கடைக்காரரைக் கேட்டது, எழுதியது, அதை டீச்சர் போட்டோ எடுத்துக்கொண்டது. கேட்டுக்கொண்டே அவர் அடுப்பைச் சின்னதாக்கினார். கீழ் மாடிக்காரர்கள்தான் அப்போது காலி செய்துவிட்டுப் போனார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஏற அலுப்பா இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"அலுப்பாத்தான் இருக்கும். நான் டெய்லி ஏர்றேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் அழுதுவிட்டு இறங்கியிருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் ஃபாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

தரையில் உட்கார்ந்து நான் நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், கதவு நம்பர். பழைய நம்பர், புது நம்பர் இரண்டையும் போட்டேன். கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கும், அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இப்போதுதான் முதல் முறையாக விண்ணப்பிக்கிறேன்" என்று படித்தேன்.

"மொத தடவையா?" என்றார். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வயசுல பொய்க் கையெழுத்துப் போட வெக்கிறீங்களே மேடம்."

அந்த வரியை அடிக்க முடியாது. அடித்தால் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். பேனாவை வாங்கித் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நான் ஃபாரத்தை மடிக்காமல் ஃபைலில் வைத்து, டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். பெயர் திரும்பப் பட்டியலில் வந்துவிடுமா, எப்போது வரும் என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"நீங்க எங்க போட்டீங்க?"

"லிங்கராஜபுரத்துல. காலையிலேயே போட்டுட்டேன்."

"போட்டது தெரியும்" என்றார். "அந்த மெஷினைப் பிடிச்சுகினு, ஓட்டுப் போட்டீங்களான்னு கேட்டீங்க இல்ல? அப்பவே ஒங்க வெரல்ல மை தெரிஞ்சுது. அதைப் பார்த்துகினுதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

டேப்லெட்டைப் பிடித்திருந்த இடது கையை மடக்கிக்கொண்டேன். மடக்குவதையும் அவர் பார்த்தார்.